வார்டுக்கு வாய்த்த பாடகர்

நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். ஏணியில் நின்றுகொண்டு கீழே நிற்பவனோடு சண்டை போடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை நான் ஏணியிலிருந்து தரைக்கு வரும் வழியில்தான் படித்தேன். தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஆண்கள் எலும்பு வார்டில், ஜன்னலோரப் படுக்கையில் போட்டு, காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, "அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

வலியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிடலாம். எனக்குப் பொறுக்காதது வேறு. அந்த வார்டில் ஒரு மனுஷன் ஓயாமல் பாடிக்கொண்டிருந்தார்.

அவர்தான் வார்டுபாய். பாய் என்றதும் யாரும் பையனைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பேரன் எடுத்தவர். வழுக்கைத் தலை, சின்னத் தொப்பை, முழங்கால் வரை மடித்துவிட்ட நீலக் காற்சட்டை. எல்லோரும் அவரை ரேடியோ அண்ணன் என்று கூப்பிட்டார்கள். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ. தரை துடைத்தால் பாட்டு, தண்ணீர் ஊற்றினால் பாட்டு, தலையணை உறை மாற்றினால் அதற்கும் பாட்டு. எல்லாம் சர்ச்சில் பாடுகிற துதிப்பாட்டுகள்தான். ஆனால் ஒன்றுகூட முழுசாகத் தெரியாது. தெரியாத இடத்தில் வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்புவார். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், காலைத் தூக்குங்க, வாளி வருது ஸ்தோத்திரம்" என்பது நான் காதாரக் கேட்ட பாட்டு. சுதி கிழக்கே போனால் தாளம் மேற்கே போகும்.

"யாராவது இந்த ஆளை அணைச்சு வைங்களேன்!" என்று முதல் நாளே கத்தினேன். நான் வாயை வாடகைக்கு விடுகிறவன் இல்லை, தோன்றினால் பேசிவிடுவேன்.

எதிர்ப் படுக்கையில் இருந்த தபால்காரர் சிரித்தார். "உங்க முறை வரட்டும் தம்பி. அப்புறம் பேசுங்க."

என் முறை மறுநாள் சாயங்காலம் வந்தது. பார்வையாளர் நேரம். பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க மனைவி, மைத்துனி, மாமியார் என்று ஒரு பெண்கள் கூட்டமே வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கோ வயிறு கூப்பிட்டுவிட்டது. ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள். எனக்கு வந்தது அதைவிடப் பெரிய விவகாரம். படுத்த படுக்கையில், பெட்பேனில், ஒரு துணித் திரைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் கை நீட்டினால் மாமியார்.

அண்ணன் வந்தார். பெட்பேன் மேல் வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டு, பெரிய ஓட்டலில் தட்டு கொண்டுவருகிறவர் மாதிரி ஏந்தி வந்தார். திரையை இழுத்தார். போர்வையை விலக்காமலே, அடியில் கைவிட்டு எல்லாவற்றையும் சரி செய்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தொண்டையைத் திறந்தார்.

அந்தச் சத்தத்தில் ரயில் போயிருந்தாலும் கேட்டிருக்காது. மாமியார் "ஐயோ காது!" என்று சிரிக்க, மைத்துனி சிரிக்க, அந்தக் கும்மாளத்துக்குள் என் விவகாரம் ஓசைப்படாமல் முடிந்தது. அண்ணன் அதே துண்டை மூடி, அதே பாட்டோடு, "ஓரமா போங்க ஸ்தோத்திரம்" என்று பாடிக்கொண்டே போய்விட்டார். யாரும் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

எதிர்ப் படுக்கையைப் பார்த்தேன். தபால்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விளங்கியது, வார்டு முழுக்க எல்லோருக்கும் இது தெரியும். ஒருவரும் இன்னொருவரிடம் சொல்வதில்லை. மற்ற நேரத்தில் அவர் ஏன் சும்மா பாடுகிறார் என்பதும் விளங்கியது. சும்மா பாடினால்தானே, பாடுவதற்குக் காரணம் இருக்கும்போது அது வெளியே தெரியாது! அன்றிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

அதன் பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். காலைத் தொங்கவிட்டுப் படுத்திருப்பவனுக்கு வேறென்ன வேலை? திரை துணிதான் என்றாலும், உள்ளே வருவதற்கு முன் கம்பியை இரண்டு தட்டு தட்டி "வரலாமா?" என்று கேட்பார். மூலைப் படுக்கையில் கை நடுங்கும் ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு டீ கொடுக்கும்போது அண்ணன் தன் டீயை முதலில் சட்டையில் சிந்திக்கொண்டு, "என் கையைப் பாருங்க, தடிமாடு கை" என்று தன்னையே திட்டிக்கொள்வார். அப்புறம் பெரியவர் சிந்தினால் அது ஒரு பெரிய விஷயமாகவே இருக்காது. பொய்ப்பல் வைத்திருப்பவர்களுக்குப் பார்வையாளர் மணி அடிப்பதற்கு முன்பே கிண்ணத்தில் மூடிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மனைவி வரும்போது மனுஷன் வாய் நிறையச் சிரிப்பார்.

அண்ணனின் மனைவி அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு வார்டு வாசலுக்கு வருவார். பேச்சில் எனக்கு அக்கா முறை மட்டுமல்ல, குருவும்கூட. ஒரு நாள் கேட்டேன்.

"அக்கா, வீட்டுலயும் இப்படித்தான் பாடுவாரா?"

"கல்யாணம் ஆன புதுசுல இவரு வாயே திறக்க மாட்டாரு தம்பி. ஊமையைக் கட்டி வெச்சுட்டாங்களோன்னு பயந்துட்டேன். அப்புறம் எங்க மாமனாரு பக்கவாதத்துல படுத்தாரு. ஒரே ரூம். நான் அடுப்புகிட்ட, அவரு கட்டில்ல, நடுவுல ஒரு பழைய போர்வை தொங்கும். மருமக காதுல விழுமேன்னு கூச்சப்பட்டு அந்த மனுஷன் சாப்பாட்டையே விட்டுட்டாரு. இவருதான் கண்டுபிடிச்சாரு. முதல்ல ரேடியோவைச் சத்தமா வெச்சாரு. அது ரிப்பேர் ஆச்சு. அன்னைக்கு ஆரம்பிச்ச பாட்டுதான் இது."

"மாமனார் என்ன சொன்னாரு?"

"'டேய், எப்படியாவது அந்த ரேடியோவைச் சரி பண்ணுடா'ன்னாரு. ஆனா சாப்பிட ஆரம்பிச்சுட்டாரு."

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பாட்டு வாத்தியார் வந்து சேர்ந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோதும் நிமிர்ந்து நடப்பவர் மாதிரியே இருந்தார். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர், பெரிய சர்ச் ஒன்றில் பாடகர் குழுவை நடத்துகிறவர். பழைய மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, கைகட்டி நின்று நலம் விசாரித்தார்கள். பழைய ஆள் வீட்டுக்குப் போய்க் காலியாகக் கிடந்த என் பக்கத்துப் படுக்கையில் அவரைப் போட்டார்கள்.

பாம்பும் கீரியும் ஒரே கூடையில் விழுந்தாற்போல ஆயிற்று. அண்ணன் வாளியோடு உள்ளே வந்து முதல் வரியை இழுத்ததும் வாத்தியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போலத் துடித்தார். அன்று மாலையே பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டார். பெரிய சிஸ்டர் வார்டுக்குத் தலைவி; இரக்கமுள்ளவர்தான், ஆனால் இரக்கத்தை அமைதியோடு சேர்த்துத் தரவேண்டும் என்பது அவர் கொள்கை.

"சிஸ்டர், எலும்பு உடைஞ்சதுக்கு மருந்து குடுக்கறீங்க. என் காது உடையுதே, அதுக்கு யாரு மருந்து குடுக்கறது?"

பெரிய சிஸ்டருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அண்ணனை அழைத்து, "இன்னியிலேர்ந்து வார்டுல பாட்டு கூடாது" என்றார். அண்ணன் "சரிங்க சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் முதல் வார்டில் ஊசி விழுந்தால் கேட்கும். ஊசி மட்டுமா? எல்லாமே கேட்கும். விளைவு என்ன தெரியுமா? எல்லோரும் அடக்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டோம். தபால்காரர் சூப்பை மறுத்தார். நான் பழத்தை மறுத்தேன். வார்டே இறுகிப் போய்விட்டது. டாக்டர் காலையில் ஒவ்வொரு படுக்கையாக வயிற்றைத் தட்டிப் பார்த்துக் குழம்பினார். பெரிய சிஸ்டர் நேராகச் சமையற்கட்டுக்குப் போய், ரொட்டி மாவில் ஏதோ கோளாறு என்று சமையற்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தார். பாவம், அந்த மனுஷன் ஒரு பாவமும் அறியாதவர். அண்ணனும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். கீச்சிடும் தள்ளுவண்டியைத் திரை ஓரமாக முன்னும் பின்னும் உருட்டினார். பெரிய சிஸ்டர் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டார்.

எல்லோரையும்விட மோசம் வாத்தியார்தான். வந்த நாளிலிருந்து ஒரு முறைகூட அவர் பெட்பேன் கேட்கவில்லை. கேட்க நேரக் கூடாது என்று தண்ணீரைக் குறைத்தார், பாலை விட்டார், ரொட்டியை என் பக்கம் தள்ளினார். "பசி இல்லை" என்பார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கைகட்டி நிற்கிற மாணவர்களின் முன்னால் இருமக்கூடக் கூச்சப்படுகிற மனுஷன். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தன் வாயாலேயே தன் வழியை அடைத்துக்கொண்டாரே!

டாக்டர் ஒரு நாள் அவர் வயிற்றைத் தொட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "இப்படிச் சாப்பிடாம கொள்ளாம கிடந்தா ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காது சார். நாளைக் காலைக்குள்ள வயிறு சரியாகணும். இல்லேன்னா எனிமா குடுக்கச் சொல்றேன்" என்று, வார்டு முழுக்கக் கேட்கும்படியாகச் சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் ஈரம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணன் என் படுக்கை விரிப்பை மாற்ற வந்தபோது அவர் கையைப் பிடித்தேன். காதோடு காதாகத்தான் பேசினோம்.

"அண்ணே, நான் பெரிய சிஸ்டர்கிட்ட சொல்லிடறேன், நீங்க எதுக்காகப் பாடறீங்கன்னு."

"சொல்லிட்டா அப்புறம் பாடி என்ன பிரயோஜனம்? நான் வாயைத் திறந்ததும், 'ஆகா, யாரோ உட்கார்ந்துட்டான்'னு எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. மணி அடிச்சு ஊரைக் கூட்டின மாதிரி ஆயிடும்."

"அப்ப உங்களை எல்லாரும் கழுதைன்னே நினைக்கட்டுமா?"

"நினைக்கட்டுமே. என்னைப் பார்த்துச் சிரிக்கறப்ப அவங்களைப் பார்க்க மாட்டாங்கல்ல?" தலையணையைத் தட்டிப் போட்டார். "பேழை கட்டின பெரியவர் கதை தெரியுமா உனக்கு?"

நான் ஞாயிற்றுக்கிழமை தூங்குகிற வகை. இருந்தாலும், "வெள்ளத்துல மிருகத்தையெல்லாம் ஏத்தினாரே, அவரா?" என்றேன்.

"அவரேதான். வெள்ளம் வடிஞ்சப்புறம் ஒரு நாள் குடிச்சுட்டுத் துணி விலகிக் கிடந்தாரு. ஒரு மகன் பார்த்துட்டு வெளியே போய்ச் சொன்னான். மத்த ரெண்டு பேரும் போர்வையைத் தோள்ல போட்டுக்கிட்டு, முதுகைக் காட்டிக்கிட்டே பின்னால நடந்து போய்ப் போத்தினாங்க. திரும்பிப் பார்க்கவே இல்ல. அந்தப் பெரிய கப்பலைவிட எனக்கு அந்த நடைதான் தம்பி பிடிக்கும். கண்ணுக்குப் படாம போர்வை போடலாம். காதுக்கு எதைப் போடறது? எனக்குத் தெரிஞ்சது பாட்டுதான்." சற்று நிறுத்தினார். "ஆண்டவரைச் சிலுவையில தொங்க விட்டப்ப அவரு உடுப்பையும் கழட்டிப் பங்கு போட்டுக்கிட்டாங்க. மேல ஒரு துணி போடணும்னு அங்க ஒருத்தனுக்கும் தோணலையே. நான் அங்க இல்லாம போயிட்டேன். இங்க இருக்கேன்ல?"

பழைய விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று பிற்பகல், பார்வையாளர் வருவதற்கு முன்பே, அண்ணன் வாத்தியாரின் படுக்கை முன்னால் போய்க் கைகட்டி நின்றார், பழைய மாணவர்கள் நின்ற மாதிரியே.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க சிஸ்டர்கிட்ட சொன்னது சரிதான். எனக்குச் சுதி வராது. யாரும் சொல்லிக் குடுக்கல. உங்க மாதிரி ஒருத்தரு என் வார்டுக்கு இனி எப்ப வரப்போறாரு? ஒரே ஒரு பாட்டு, சரியாக் கத்துக் குடுப்பீங்களா?"

வாத்தியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். பட்டினியிலும் வாத்தியாருக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டு, "கத்துக்கறது வேற, பாடறது வேற சிஸ்டர். கொஞ்ச நேரம் அனுமதி குடுங்க, இவன் கேடு தீரட்டும்" என்றார். பெரிய சிஸ்டர் யோசித்துவிட்டு, "வகுப்புன்னா நடத்துங்க. வகுப்பு தவிர வேற பாட்டு கூடாது" என்று சொல்லிப் போனார்.

அண்ணன் திரையை இழுத்தார். "மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுல்லங்கய்யா." உள்ளே போகும்போது அவர் கையில் வெள்ளைத் துண்டு போட்டு மூடிய ஒன்று இருந்தது. "முதுகுக்குக் கொஞ்சம் வசதியாப் பண்ணிடறேன், அப்பத்தான் குரல் வரும்" என்பது கேட்டது. திரைக்குக் கீழே அண்ணனின் செருப்புகள் மட்டும் தெரிந்தன. இரண்டும் என் பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தன. வாத்தியாருக்கு முதுகைக் காட்டித்தான் நின்றிருந்தார்.

"சொல்லுங்கய்யா."

வாத்தியார் மெல்லிய குரலில், தானே மெட்டுப் போட்ட ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்தார். 'வெளிச்சம் ஏறுதே' என்று முடியும். ஏறுகிற இடத்தில் குரலும் ஏற வேண்டும். அண்ணன் அங்கே தொபுக்கென்று கிணற்றில் இறங்கினார்.

"ஏறுய்யா! மேல!"

அண்ணன் மறுபடி இறங்கினார், முன்னைவிட ஆழமாக.

"மேல! மேலன்னா தெரியாது? இப்படி!" என்று வாத்தியார் கத்தினார். அந்தக் காய்ந்த தொண்டையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. "ஐயா, நாங்களும் கத்துக்கறோம்!" என்று கூவினேன். தபால்காரர் சேர்ந்தார், கை நடுங்கும் பெரியவர் சேர்ந்தார். கட்டுப் போட்டவர், கம்பி வைத்தவர், எல்லோரும் சேர்ந்து ஆளுக்கொரு சுதியில் வெளிச்சத்தை ஏற்றினோம். வாத்தியார் திரைக்குள்ளிருந்து திட்டத் திட்ட நாங்கள் இன்னும் கெடுத்தோம். சந்தைக்கடை தோற்றது.

அண்ணன் துண்டை மூடிக்கொண்டு வெளியே வந்தபோது பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வாத்தியார் பால் குடித்தார். ரொட்டி தின்றார். பிறகு என் தட்டில் இருந்த ரொட்டியையும் கேட்டு வாங்கித் தின்றார். மறுநாள் காலை டாக்டர் வந்து எனிமாவை ரத்து செய்தார். வகுப்பு தினமும் நடந்தது. யாருக்கு எப்போது தேவையோ அவர் படுக்கையருகே நின்றுகொண்டு அண்ணன் சந்தேகம் கேட்பார். வாத்தியார் தன் படுக்கையிலிருந்தே திட்டுவார். வார்டின் வயிறு சரியாயிற்று. பெரிய சிஸ்டர் சமையற்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டார் என்று கேள்வி.

வாத்தியாருக்கு எல்லாம் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மீண்டும் என் பக்கத்துப் படுக்கைக்கே வந்தார்.

அவர் வீட்டுக்குப் போவதற்குச் சில நாள் முன்பு ஒரு லாரி டிரைவரைக் கொண்டுவந்தார்கள். மலை மாதிரி ஆள், இரண்டு காலிலும் கட்டு. அன்று பார்வையாளர் நேரம், வார்டு நிறைய ஜனம். வாத்தியாரைப் பார்க்க அவருடைய பாடகர் குழுவே வந்திருந்தது. அண்ணன் யாரையோ எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். டிரைவர் முகம் சிவந்து வேர்த்தது. வேறொரு ஆள் வந்து பெட்பேனைத் துண்டு கூடப் போடாமல் நீட்டி, திரையைச் சர்ரென்று இழுத்துவிட்டுப் போனான். எல்லோர் பேச்சும் சட்டென்று நின்றது. அந்தத் திரையின் பின்னால் ஒரு மலை மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பது எனக்குத் தெரிந்தது.

வாத்தியார் கூரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு தன் மாணவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், உரத்த குரலில் அந்த வரியைப் பாட ஆரம்பித்தார். அழகாகத்தான் ஆரம்பித்தார். ஏறுகிற இடம் வந்தது. மனுஷன் தொபுக்கென்று கிணற்றில் இறங்கினார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் இந்த ஆனை வேண்டுமென்றே சறுக்கியது. மாணவர்கள் திகைத்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாத்தியார் மறுபடி பாடினார், இன்னும் கோணலாக. ஒரு பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தபால்காரர் "மேல ஐயா, மேல!" என்று கத்தினார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வார்டே குலுங்கிச் சிரித்தது. அந்தத் திரைப் பக்கம் ஒரு கண்கூடத் திரும்பவில்லை.

சத்தம் கேட்டுப் பெரிய சிஸ்டர் வாசலில் வந்து நின்றார். "வகுப்பு நேரம் இல்லையே இது! யாரு இப்படிக் கேவலமாப் பாடினது?"

வாத்தியார் படுத்தபடியே கையைத் தூக்கினார்.

"நான்தான் சிஸ்டர். எனக்குச் சுதி வராது."